நாலு பேர் கூடாத ஊரில் வாடகைப் பாத்திரக் கடை

நாலு பேர் ஓரிடத்தில் கூடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். அவர்கள் நல்லதற்குக் கூடினாலும் சரி, கெட்டதற்குக் கூடினாலும் சரி.

இராஜபாளையத்தில் அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். சேர், மேஜை, சாமியானா, அடுப்பு, கரண்டி, அண்டா. பந்தல்காரர்கள், மைக் செட்காரர்கள், சமையல் மாஸ்டர்கள், மேளக்காரர்கள், மாலை கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கூட்டம் கூடக் கூடாது என்று டி.வி.யில் சொன்ன அன்று மற்ற வீடுகளில் அரிசி பருப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். நம் வீடுகளில் காலண்டரைக் கழற்றி எத்தனை முகூர்த்தம் போகும் என்று பார்த்தோம்.

கடையின் பெருமை நாலு பித்தளை அண்டா. அப்பா பஞ்சாலை வேலையை விட்டு வந்தபோது கிடைத்த பணத்தில் முதலில் வாங்கியவை. அலுமினியம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பித்தளைக்காகத்தான் எங்களைத் தேடி வருவார்கள். "அண்டா நாலும் இருக்க வரைக்கும் கடை இருக்கு தாயி" என்று என்னிடம் சொல்வார். கல்யாண வீட்டுக்கு அவர் அண்டாவை வெறுமையாக ஏற்றியதே இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மஞ்சள் கிழங்கு போட்டுத்தான் ஏற்றுவார். சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் துட்டி வீடு என்போம். அங்கே சாமான் இறக்கிவிட்டுக் கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியை எடுத்துவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்து, சேரும் தேதிக்காகக் காத்திருந்தேன். லோடு ஏற்றுகிற ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் அப்பா அவர்களை நிறுத்திவிட்டதால், லோடு ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனது நான்தான். அண்டா நாலையும் விற்காமல் இந்தக் காலத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் இருவருக்கும் எண்ணம்.

வாடகைக்குப் பால்கோவா

முதல் ஊரடங்கில் சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் ஒவ்வொரு போனாகக் கழன்றன. ரத்து செய்கிறவர்கள் 'ரத்து' என்று சொல்வதில்லை. 'கொஞ்சம் தள்ளி வச்சிருக்கோம்' என்பார்கள். அப்பாவும் 'நல்லபடியா நடக்கட்டும்' என்பார். பிறகு காலண்டரில் அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தபடி நிற்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர் ஒருவர் மட்டும் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. பெரிய மண்டபம் பேசியிருந்தவர், வீட்டிலேயே ஐம்பது பேரோடு முடிக்கப்போவதாகச் சொன்னார். ஆனாலும் நாலு அண்டாவும் வேண்டுமாம். அப்பா சந்தோஷமாக மஞ்சள் கிழங்கு போட்டு ஏற்றினார். போய் இறங்கினால் அடுப்பங்கரையில் குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அண்டாக்களை வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கச் சொன்னார் கடைக்காரர்.

வாடகையில் பாதிக்குப் பால்கோவா கட்டிக் கொடுத்தார். பஸ் ஓடவில்லை, கோயில் திறக்கவில்லை. வெளியூர் ஆள் வராமல் அவரிடம் யார் வாங்குவார்கள்? மாடு கறக்கிறது, பால்காரர் கொண்டு வந்து நிற்கிறார், வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி வாங்கிக் கிண்டி வைத்திருந்தார். நாங்கள் இட்லிக்கும் அதையே தொட்டுக்கொண்டோம். இப்போதும் அந்த வாசனை எனக்கு ஆகாது. அண்டாவை எதற்கு வாசலில் வைக்கிறார் என்று அப்பா கேட்கவே இல்லை, கடைக்காரர் தானாகத்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சமைக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. தெருவுல போறவுகளுக்கு இது கல்யாண வீடுன்னு தெரியணும்ல."

எண்ண வந்த போலீஸ்காரர்

சேத்தூர் தாண்டி, தேவதானத்தில் ஒரு துட்டி வீட்டுக்குச் சேர் கொண்டுபோனோம்.

இறந்தவர் விவசாயி, வயதானவர், நோயால் இறந்தவரல்ல. ஆனாலும் இருபது பேருக்கு மேல் கூடாது. ஊரே திரண்டு வந்திருக்க வேண்டிய வீடு. இருபது சேரைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். ஒருவர் அழுதால் அடுத்தவர் கை நீட்டினாலும் எட்டாது. ஒரே மகன் ராணுவத்தில், வடக்கே இருந்தார். வருவதற்கு ரயில் இல்லை. போனில் அவர் முகத்தை வரவழைத்து, ஒரு செம்பை முட்டுக்கொடுத்து, இறந்தவரைப் பார்க்கும்படி ஒரு சேரில் நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஒரு சேர் குறைந்து மருமகன் நின்றுகொண்டிருந்தார்.

எண்ணிப் பார்க்க ஒரு போலீஸ்காரர் வந்தார். கெட்டவர் இல்லை, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர் அந்தச் சேருக்கு முன்னால் நின்று, இது யாருக்கு என்று கேட்டார். வீட்டுக்காரர்கள் வாய் திறக்கும் முன்னால் போனிலிருந்து பதில் வந்தது: "நான்தான் சார், மகன். கொள்ளி வைக்கத்தான் வர முடியல, கணக்குலயாவது என்னைய ஒரு ஆளாச் சேத்துக்கிடுங்க."

மாரியக்கா

எங்கள் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் மாரியக்கா. கல்யாணம் முடிந்து சாம்பார் காய்ந்து ஒட்டிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்ப்பார். உள்ளே இருந்து பாட்டுச் சத்தம் மட்டும் வரும். மூன்று மாதம் ஒரு கரண்டிகூட அழுக்காகவில்லை. அப்பா முடிந்தவரை அரிசி கொடுத்தார். பிறகு அதுவும் முடியவில்லை.

எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனிகள் நிறைய. நோய் வந்ததால் எங்கள் தொழில் நின்றது. நோய் வந்ததால் அங்கே ஷிப்ட் கூடியது. மாரியக்கா ஒரு நாள் குளித்து, தலைவாரி, புது மாஸ்க் போட்டு வந்து வாசலிலேயே நின்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "ஊருக்கு நல்லது நடந்தா இங்க வேல, ஊருக்குச் சீக்குன்னா அங்க வேல. எனக்கு ரெண்டுக்கும் பசிக்குதே தாயி."

வீட்டிலிருந்தே வேலை

என் கம்பெனியிலிருந்து மெயில் வந்துகொண்டிருந்தது. சேரும் தேதி தள்ளிப்போகிறது, பொறுமைக்கு நன்றி என்று. பொறுமையாக இருக்கிறேன் என்று நான் ஒருபோதும் எழுதவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் படித்தேன். கடைசியில் மெயிலும் நின்றுவிட்டது. அப்பா மட்டும் கேட்டவர்களிடமெல்லாம், மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தார்.

பக்கத்துக் கடை மைக் செட் சேவியர் அண்ணன். கோயில் கொடை, சர்ச் திருவிழா எதுவும் இல்லாததால் குழாய் ஸ்பீக்கரை மொபெட்டில் கட்டித் தக்காளி விற்கக் கிளம்பியவர். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு தெளிவான தக்காளி விளம்பரம் கிடையாது, எக்கோகூட வைத்திருந்தார். ஒருநாள் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துட்டி வீட்டிலிருந்து வந்த சேர்களை மருந்துத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மொபெட்டை நிறுத்தினார். அப்பாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சேவியர் அண்ணன் கால் கிலோ தக்காளியைத் திண்டில் வைத்துவிட்டு, அப்பாவைக் காப்பாற்றுகிற மாதிரி சொன்னார்: "நீரு ஒண்ணும் பொய் சொல்லலயே அண்ணாச்சி. புள்ள வீட்லதான் இருக்கு, வேலையும் பாக்குது."

சங்கரன்கோவில் போன்

அடுத்த தை மாதம் ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்தது. கல்யாணங்கள் வந்தன. அப்பா பாதிக் கூலிக்குக் கடன் சொல்லி அண்டா நாலுக்கும் உள்ளே புதிதாக ஈயம் பூசினார். வருகிற சித்திரைக்கு நிறைய பேர் முன்பணம் கொடுத்தார்கள். நான் நம்பினேன் என்று எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது அலை சரியாகச் சித்திரைக்கு வந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, ஈயத்தில் போய்விட்டது என்று சொல்ல முடியுமா?

சேர்களை விற்பதென்று முடிவானது. சங்கரன்கோவிலில் இதே தொழில் செய்கிற ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம், வசதியானவர். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். குடும்பத்தில் எல்லோரும் சுகமா என்று கேட்டு முடித்து, விஷயத்துக்கு வருவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் முந்திக்கொண்டது: "நல்ல நேரத்துல கூப்பிட்டீக, நானே போடணும்னு இருந்தேன். நம்ம சேர் பூராவும் கெடக்கு, நீங்க எடுத்துக்கிடுதீகளா?"

புளி போட்டுத் தேய்த்த நாள்

சேர்கள் கடைசியில் ஒரு டீக்கடைக்கும், தள்ளுவண்டிக்காரர்களுக்கும், கடனுக்குப் பதிலாக ஈயம் பூசியவருக்குமாகப் பிரிந்து போயின. சாமியானாத் துணியை ஒருவர் நெல்லை மூட வாங்கிக்கொண்டார். கட்டிடக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாடகையில்தான் அவர் மருந்து வாங்குகிறார். மிச்சம் இருந்தது அண்டா நாலும்தான். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் வாங்குகிற நிலையில் இல்லை. எடைக்குப் போடுவதென்றால் பழைய பித்தளை வியாபாரிதான். உள்ளூரில் வேண்டாம், தெரிந்த முகம் வரும் என்று அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரைப் பேசினார்.

அன்று காலை குழாயடியில் உட்கார்ந்து அப்பா அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்தார். அழுக்காக இருந்தாலும் எடை எடைதானே அப்பா என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தார். நாலும் வெயிலில் மின்னியபோது நானும் ஒரு பக்கம் பிடித்து லோடு ஆட்டோவில் ஏற்றினேன். கிருஷ்ணன்கோவிலுக்கு நான் தினமும் காலேஜ் பஸ்ஸில் போன அதே ரோடு. வழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் ஏதோ உருள்கிற சத்தம் கேட்டது. எங்கள் இருவருக்குமே அது என்னவென்று தோன்றவில்லை, அத்தனை வருடம் கேட்டுப் பழகிய சத்தம்.

வியாபாரி முதல் அண்டாவைத் தராசில் கவிழ்த்தார். மஞ்சள் கிழங்கு ஒன்று உருண்டு அவர் காலடியில் நின்றது. இரண்டாவதிலும் ஒன்று. அப்பாவின் கை ஏற்றும்போது தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்திருக்கிறது. கல்யாண வீடு எந்தத் தெருவில் என்று வியாபாரி சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். மிச்ச இரண்டையும் அப்பாவே எடுத்து, நாலு கிழங்கையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எடை போட்டு முடிந்தது. பணத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். வியாபாரி நல்ல மனுஷர்; நாங்கள் கிளம்பப் போகிறோம் என்று பார்த்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அப்பா அண்டாக்கள் கிடந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் நேரே போய் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். எனக்குப் புரிந்தது, அதனால் நானும் வாய் திறக்காமல் ஏறி உட்கார்ந்தேன். வியாபாரிக்குப் புரியவில்லை. கடை வாசல்வரை வந்து, வருத்தமாகத்தான் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிக்கிடாமப் போறீகளே?"

இப்போது ஊரில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கூடலாம் என்று சொல்லிவிட்டார்கள். உட்காரச் சேரும் சமைக்க அண்டாவும் மட்டும் வேறு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.