செகண்ட்ஸ் பெட்டியில் கிடந்த கத்தரி

என் அக்கா வீட்டுக்காரர் கிட்டுசாமிக்குப் பழைய இரும்பு என்றால் மூக்கு வேர்த்துவிடும். உளி, இழைப்புளி, ரம்பம், குறடு என்று கையால் பிடித்து வேலை செய்த பழைய சாமான் எது வந்தாலும், நல்லூர் இரும்புக்கடைக்காரர்கள் முதலில் அவருக்குத்தான் போன் செய்வார்கள். பனியன் கம்பெனியை மகன் சசிகுமாரிடம் ஒப்படைத்துவிட்டு, கம்பெனிக்குப் பின்னால் இருந்த குடோனை இந்தச் சாமான்களால் நிரப்பி வைத்திருந்தார். நூல் வியாபாரம் செய்கிற எனக்கு அங்கே நுழைந்தாலே எரிச்சல் வரும். பேரம் பேசி வாங்கி வந்த துரு, வேறென்ன?

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அது என்ன வேலைக்கு என்று கண்டுபிடித்துவிடுவார். ஒருமுறை காங்கேயத்திலிருந்து ஒரு குட்டைச் சுத்தியலைக் கொண்டுவந்தார். தேங்காய் உடைக்கிறதாக இருக்கும் என்றேன் நான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நின்று அடித்துப் பார்த்தார், உட்கார்ந்து அடித்துப் பார்த்தார், கடைசியில் குனிந்து அடித்துப் பார்த்தார்.

“மாட்டுக்கு லாடம் அடிச்சதுங்க மாப்பிள்ளை. பாருங்க, மூஞ்சி ஒரு ஓரமாவே தேஞ்சிருக்குது. குனிஞ்சுட்டு அடிச்சாத்தான் இப்படித் தேயும்.”

வேலை செய்தவன் எப்படிப் பிடித்தானோ அப்படிப் பிடித்துப் பார்க்காமல் பேர் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். முடிவானதும் பெயரை அட்டையில் எழுதிக் கட்டிவிடுவார். செய்யும்போதே கோளாறாகிப்போனவை என்று அவருக்குப் பட்டவை மட்டும் மூலையில் இருந்த பெட்டிக்குள் போகும். பெட்டியின் மேல் ‘செகண்ட்ஸ்’ என்று எழுதியிருந்தது. தையல் பிசகிய பனியனை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லி ஒதுக்குவோம். அந்தப் பழக்கத்தை மனுசன் இரும்புக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அந்தப் பெட்டியில் ஒரு கட்டிங் கத்தரி கிடந்தது. மெஷின் வருவதற்கு முன்னால், மேசையில் துணியை அடுக்கி வெட்டிய கனத்த கத்தரி. எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தை இடித்தபோது கிடைத்தது. மச்சானும் இளவயதில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்தான். ஆசை ஆசையாக எடுத்துத் துணியில் வைத்தார். துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்துகொண்டது. கட்டைவிரல் வளையம் வேறு உறுத்தியது.

“கொல்லன் அலகை மாத்திப் பூட்டிப்போட்டானுங்க” என்று சொல்லி அதைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

போன ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நடையும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. இடது கையைப் பழக்கச் சொன்னார் டாக்டர். மச்சான் அசையவில்லை. அவர் வாழ்நாளில் இடது கையால் ஒரு பொருளை வாங்கியதில்லை, கொடுத்ததில்லை. கம்பெனியில் யாராவது இடது கையால் டீயை நீட்டினால் வாங்காமல் முறைத்துக்கொண்டே நிற்பார். அந்தக் கையால் சாப்பிடுவாரா? அக்கா சாரதாமணிதான் ஊட்டிவிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்தார். நாளைக்கு வரும்போது இரும்புக்கடைக்காரரையும் கையோடு கூட்டிவரச் சொன்னார். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுகிறாராம். எத்தனையோ தடவை நானே கேலியாகச் சொன்ன யோசனைதான். இப்போது கேட்கும்போது கோபம் வந்தது. நான் தனியாகத்தான் போனேன்.

வருடா வருடம் எல்லாச் சாமானையும் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, அவர் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். அன்றைக்கு அக்கா துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“கடைக்காரர் வர்லீங்களா?”

“நான் கூப்பிடலீங்க. எதுக்குங்க மச்சான் இப்படி?”

“பிடிச்சுப் பாக்கற கை போயிருச்சுங்க மாப்பிள்ளை. இனி இதுகளை வெச்சுட்டு என்ன பண்றதுங்க? நானே செகண்ட்ஸ் ஆயிட்டனுங்க.”

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. கோபப்படத்தான் வரும். மூலையில் இருந்த பெட்டியைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

“அப்படின்னா மொதல்ல இந்த செகண்ட்ஸை எடுத்து வெளிய போடுங்க. நீங்களே போடுங்க, பாக்கறேன்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. என்னை முறைத்தபடியே இடது கையைப் பெட்டிக்குள் விட்டு, மேலாகக் கிடந்த கத்தரியைப் பிடித்துத் தூக்கினார். வீசத்தான் போகிறார் என்று நினைத்தேன். வீசவில்லை. கட்டைவிரல் வளையத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது. விரல்களை விரித்தார், மூடினார். பிறகு அக்காவின் மடியில் கிடந்த துணியைக் காட்டினார்.

நான் துணியை இழுத்துப் பிடித்தேன். ஒரே வெட்டு. துணி நேராக இரண்டாகப் போனது. இன்னொரு தடவை வெட்டினார். பிறகு கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கொல்லன் மேல தப்பில்லீங்க. இது எடது கைக்காரன் கத்தரிங்க. எல்லாத்தையும் பிடிச்சுப் பாத்தேன் பாத்தேன்னு சொன்னனே, ஒத்தைக் கையிலதானுங்க பாத்திருக்கறேன்.”

அவரே தொடர்ந்தார்.

“அவன் யாரோ. கையை மாத்துடான்னு எத்தனை பேர் ஏசியிருப்பாங்களோ. கொல்லன் அவன் கையைக் குத்தம் சொல்லாம, கத்தரிய மாத்திப் பண்ணிக் குடுத்திருக்கறான். நான் ரெண்டு பேரையும் செகண்ட்ஸ்ல போட்டு வெச்சிருந்தனுங்க.”

அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

பெயர் எழுத ஒரு அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார், இடது கையால். நான் வாங்கிக்கொண்டேன். ‘கட்டிங் கத்தரி, இடது கை’ என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கட்டினேன். கடைக்காரரை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். முறைத்தார். பழைய முறைப்பு.

எல்லாம் துடைத்து அடுக்கியாகிவிட்டது. பொட்டு வைக்க வேண்டும். நல்ல நாளில், சாமி காரியத்தில் இடது கை ஆகாது, அக்காவே வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சந்தனத்தைக் குழைத்தாள், குங்குமத்தைக் கொட்டினாள். எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக வைக்கிற கிண்ணங்கள். அன்றைக்கு எழுந்து, அவரைச் சுற்றிப் போய், இடப்பக்கமாக வைத்தாள்.

“வெய்யுங்க” என்றாள்.