தாம்பாளத்தில் பூட்டிய பிட்கொயின்

ஆவணியில் லிந்துலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோவில் மண்டபம். தாய்மாமன் சீர் மேடைக்கு வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு... கடைசியாக ஒரு தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். நடுவில், சங்கிலி இருக்கவேண்டிய இடத்தில் — ஒரு கைப்பேசி.

புதியதுகூட இல்லை. மூலையில் கீறல் விழுந்தது.

மைக் பிடித்திருந்தவர் பழக்கதோஷத்தில் "தங்கச் சங்கிலி" என்று தொடங்கிவிட்டார். தாய்மாமன் அவசரமாக அவர் காதில் ஏதோ சொன்னார். மைக் தடுமாறியது. "தாய்மாமன் சிவலிங்கம்... கொழும்பு... மணமகளுக்கு... பிட்கொயின்!"

நாதஸ்வரக்காரர் வழக்கம்போல் ஒரு சின்ன ஊது ஊதினார். அவருக்கு எல்லாச் சீரும் ஒன்றுதான்.

சிவலிங்கம் என்னோடு பள்ளியில் படித்தவன். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. ஒரே அக்கா ராஜேஸ்வரி, இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அவருடைய ஒரே மகள் தர்ஷினிக்குத்தான் கல்யாணம். "என் தம்பி சங்கிலி போடுவான்" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் ராஜேஸ்வரி ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார். சொன்னபோது பவுண் ஒரு விலை. பிறகு அது என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

தங்கம் எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, சிவலிங்கத்தின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் எட்டிப் பார்த்திருக்கிறது. பிட்கொயின். தவணை முறையில்!

முறை இதுதான். ஒரு பிட்கொயினில் சின்னத் துண்டொன்றைக் கம்பனி இன்றைய விலைக்கு உங்கள் பெயரில் ஒதுக்கிவைக்கும். நீங்கள் மாதாமாதம் கட்டவேண்டும் — கொஞ்சம் கூடுதலாகத்தான், சும்மா தருவார்களா? முதல் நாளே அது உங்கள் கைப்பேசியில் தெரியும். சந்தையில் விலை ஏறினால் உங்கள் கணக்கும் ஏறும். இறங்கினால் இறங்கும். தவணை மட்டும் இறங்காது.

எல்லாம் உங்களுடையது. தொடத்தான் முடியாது. விற்க முடியாது, காசாக எடுக்க முடியாது, இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் இருக்கும். கடைசித் தவணையைக் கட்டி, அதன் பிறகும் 'சரிபார்ப்பு' என்று சில நாள் காத்திருந்தால் பூட்டு திறக்கும். நடுவில் தவணை தவறினால் கம்பனியே அதை விற்று, தன் பாக்கியை எடுத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் தரும். அந்த 'இருந்தால்' சின்ன எழுத்தில் இருக்கிறது.

சில கம்பனிகள் கட்டக் கட்டக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுமாம். சிவலிங்கத்தின் கம்பனிக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை.

நமக்குத் தவணை புதிதா என்ன? ஓட்டோவை லீசிங்கில் எடுத்தால் வண்டிப் புத்தகம் கம்பனியிடம் இருக்கும். ஆனால் ஓட்டோ நம் வாசலில் நிற்கும், சவாரி போகலாம். நகையை அடகு வைத்தால் நகை கடையில் இருக்கும். ஆனால் காசு நம் கையில். இதில் பொருளும் அவர்களிடம், காசும் அவர்களிடம். நம்மிடம் இருப்பது படம்.

இதற்கெல்லாம் இந்த நாட்டில் அங்கீகாரம் கிடையாது, நட்டமானால் கேட்க நாதி இருக்காது என்று அதிகாரிகள் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சிவலிங்கமும் அந்த எச்சரிக்கைகளைப் பார்த்திருக்கிறான் — அதே கைப்பேசியில், விரலால் மேலே தள்ளிவிட்டு.

மண்டபத்துக்கு வருவோம்.

மாப்பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த சித்தப்பா பெருமாள் எழுந்து மேடைக்கு வந்தார். கந்தப்பளையில் மரக்கறி லொறி வைத்திருப்பவர். கோவாவோ லீக்ஸோ கரட்டோ, தராசில் ஏறாத எதையும் வாங்கிப் பழக்கமில்லாத மனிதர்.

"என்னாங்க சம்பந்தி இது? எங்க இருக்கு சாமான்?"

"இதுக்குள்ளதாங்க."

"இதுக்குள்ளன்னா?"

"ஆப்லங்க."

அந்த நேரம் பார்த்துத் திரை இருண்டது.

"அணைஞ்சி போச்சிங்களே!" என்றார் பெருமாள். முன்வரிசையில் சிரிப்பு. சிவலிங்கம் தட்டித் தட்டித் திரைக்கு வெளிச்சம் கொடுத்தான்.

"சரிங்க. மாப்பிள்ளை போனுக்கு அனுப்பிவிடுங்க. நாங்க வாங்கிக்கிட்டதா இருக்கட்டும்."

நியாயமான பேச்சு. சிவலிங்கம் அழுத்தினான். சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலம். மாப்பிள்ளையே எட்டிப் பார்த்து வாசித்து, மெதுவாகச் சொன்னார்: "இப்போதைக்கு யாருக்கும் அனுப்ப முடியாதாம் மாமா."

"விக்க முடியாதுன்னு தெரியும்" என்றான் சிவலிங்கம். "குடுக்கவுமா முடியாது? என் அக்கா மகளுக்குக் குடுக்கிறேன். நான் என்ன யாவாரமா பண்றேன்?"

அவன் தவறு இங்கேதான். விதிகளை அவன் வாசிக்காமல் இல்லை. விற்பனைக்குத் தடை என்பது புரிந்துதான் இருந்தது. ஆனால் சீர் கொடுப்பதை நம்மில் யார் விற்பனைக் கணக்கில் சேர்ப்போம்? தாய்மாமனுக்கும் சேர்த்துத்தான் பூட்டு என்று யாருக்குத் தோன்றும்? கம்பனிக்கு அந்த உறவெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது வாங்குபவர், அனுப்புபவர், பெறுபவர். சீருக்கென்று அந்த ஆப்பில் பொத்தான் கிடையாது.

பெருமாள் விடுவதாக இல்லை. "அப்ப உங்க பேர்ல இருக்கிறத நீங்களே பொக்கட்ல போட்டுக்கிட்டு கொழும்புக்குப் போயிருவீங்க. எங்களுக்கு வேடிக்கை காட்டினதுதான் சீரா?"

சிவலிங்கத்துக்குச் சூடேறிவிட்டது. "ஏங்க, நீங்க குடியிருக்கிற வீடு மட்டும் உங்க பேர்லயா இருக்கு? வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறீங்கல்ல? கல்யாணப் பத்திரிகையில 'எமது இல்லம்'னுதானே போட்டிருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்ட லயங்களில் வரிசையாக ஒட்டிய காம்பரா வீடுகளிலிருந்து வந்தவர்கள். தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கும் வீடு, ஆனால் தோட்டத்துக்குச் சொந்தம். விற்க முடியாது. பின்னால் ஓர் அறை கூட்டவேண்டுமென்றாலும் தோட்டத்துரையைக் கேட்கவேண்டும். கையில் இருக்கிறது, ஆனால் கைக்கு வராது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பெருமாளும் அப்படியொரு வரிசையில் குடியிருப்பவர்தான். அவர் முகம் கறுத்தது. எனக்கு ராஜேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இந்தச் சீர் செல்லாமல் போனால் மகள் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் கேட்கப்போகிற பேச்சு என்ன என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும்.

அவர் மேடையேறினார். "தம்பி, போனை அப்பிடியே தட்டுல வச்சிட்டு எறங்கு."

"அக்கா, அதுல என் சிம் இருக்கு..."

"இருக்கட்டும்."

"கடை நம்பரெல்லாம் அதுலதான்..."

"எறங்குடா."

வைத்தான். பெருமாள் தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். இப்போது ஒரு கனம் இருந்தது. "தெறக்கிற நம்பர் என்னாங்க?" என்றார்.

சிவலிங்கம் சொன்னான். பக்கத்தில் மைக் உயிரோடு இருந்ததைக் கவனிக்காமல்! பின் நம்பர் மண்டபம் முழுக்க முழங்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "திருப்பிச் சொல்லுங்க மாமா, குறிச்சிக்கிறோம்!"

கணக்கை இன்னொருவர் கையில் கொடுப்பது கம்பனியின் விதிப்படி குற்றம். தட்டில் வைத்ததைத் திருப்பி எடுப்பது எங்கள் ஊர் விதிப்படி குற்றம். கம்பனி தூரத்தில் இருந்தது.

அதன் பிறகு மாதாமாதம் ஒரு கூத்து. தவணை கட்டுவது சிவலிங்கம், கொழும்பில். கட்டும்போது உறுதிப்படுத்தும் ஓடிபி வந்து விழுவது கந்தப்பளையில். முதலாளியின் போனை இரவல் வாங்கி, "புள்ள, நம்பர் வந்துச்சா?" என்று மருமகளைக் கேட்டுத்தான் அவன் கட்டுகிறான். நடுவில் பிட்கொயின் விலை நன்றாக விழுந்தது. விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறான். விட்டால் சம்பந்தி வீட்டில் இருக்கும் படம் காணாமல் போகும். கட்டினான்.

போன வாரம் ஹட்டனுக்கு வந்தவன் என்னைத் தேடி வந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். வெளியே விடாத மழை.

தீபாவளி முடிந்த கையோடு பெருமாளின் லொறி கியர்பொக்ஸ் போய்விட்டதாம். நேரே மருமகளிடம் வந்திருக்கிறார். "அம்மா, அந்தச் சீரைக் கொஞ்சம் எடுத்துக் குடு. கரட் வித்ததும் திருப்பிக் குடுத்திருவோம்."

தர்ஷினி கைப்பேசியை எடுத்து, திரையைத் திறந்து கொடுத்தாள். அவரே அழுத்திப் பார்த்தார். சிவப்பு எழுத்து. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் சிவப்பு.

அந்த வீட்டு மூத்த மருமகளின் சங்கிலி ஏற்கெனவே லொறி டயருக்காக அடகுக் கடைக்குப் போனது. இன்னும் வரவில்லை. நம் வீடுகளில் எத்தனை பெண்களின் சீர்ச் சங்கிலி இரண்டாவது தீபாவளியைக் கழுத்தில் கண்டிருக்கிறது? மாமனார் கேட்டால் மாட்டேன் என்று எந்த மருமகள் சொல்ல முடியும்? கம்பனி சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில், மரியாதையாக.

ஆனால் சிவலிங்கத்துக்கு இதெல்லாம் சந்தோஷமாக இல்லை. தையோடு தவணை முடிகிறது. அன்றைக்குக் கந்தப்பளைக்குப் போய், எல்லார் முன்னாலும் பூட்டைத் திறந்து பெருமாளுக்குக் காட்டவேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் போன மானத்தை மீட்க அவனுக்கு வேறு வழியில்லை. அதைத் தர்ஷினியிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்: "மாமா, பின் நம்பரை எப்பவோ மாத்திட்டேன். தெறந்தா யாருக்கும் சொல்லாதீங்க. இன்னும் பூட்டித்தான் இருக்குன்னு சொல்லுங்க."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "நீ பேப்பர்ல எழுதுறவன், நியாயம் சொல்லு" என்றான் சிவலிங்கம். "அப்ப அந்தாளு முன்னாடி நான் கடைசிவரைக்கும் பூட்டின சீர் குடுத்தவன்தானா?"

"ஆமாம்" என்றேன்.

ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு என் கைப்பேசியைக் கேட்டு வாங்கினான். இந்த மாதத் தவணைக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதாம். "புள்ள, நான்தான் மாமா. நம்பர் வரும், பாத்துச் சொல்லு."

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கந்தப்பளையில் லொறி வைத்திருக்கும் சித்தப்பாக்கள் யாரும் இன்றைக்கு மருமகளின் போனைத் தேட வேண்டாம்.