பன்னிரண்டாவது கைதி

அந்தப் படத்தை எடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மனித உடம்புக்குள் வளர்ந்து, நெஞ்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும் விண்வெளி ஜந்துவைப் பற்றிய படங்களின் வரிசையில் அது மூன்றாவது. இரண்டாவது படத்தில் கதாநாயகி உயிரைப் பணயம் வைத்து ஒரு சிறுமியையும் ஒரு சிப்பாயையும் காப்பாற்றியிருந்தாள். மூன்றாவது தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அந்த இரண்டு பேரும் தூக்கத்தில் செத்துக் கிடக்கிறார்கள். மொட்டைத் தலையோடு அவள் ஒரு சிறைக் கிரகத்தில் கைதிகளோடு மாட்டிக்கொள்கிறாள். அட்டன் பஜாரில் இருந்த வீடியோ கடையில் கெசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பலர் முதலாளியிடம் சண்டை பிடித்தார்கள், அவரே உட்கார்ந்து கதை எழுதியதுபோல.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலும் இரண்டு கட்சி. நான் திட்டும் கட்சி. "காப்பாத்துனவங்கள இப்படிச் சாகடிக்கிறதுக்கா போன படம் எடுத்தானுங்க?" என்று கத்தினேன். அண்ணனுக்குப் படம் பிடித்திருந்தது.

"காப்பாத்துனதோட படத்த முடிச்சிடுறாங்கடா. அதுக்கப்புறம் என்னா ஆச்சுன்னு யாரு காட்டுறா? இவன் காட்டிருக்கான்" என்றான்.

அவன் என்னைவிட நான்கு வயது மூத்தவன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது, மருந்தடிப்பது என்று தோட்டம் சொன்ன வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். படித்தவன் என்ற பெயரில் லயத்துக்கே ஃபோரம் நிரப்புவது என் வேலை. பிறப்புப் பதிவு, சேமலாப நிதி என்று எதுவாக இருந்தாலும் என் வாசலுக்குத்தான் வரும். அந்த மரியாதையில் எனக்கு மண்டைக்கனம் ஏறியிருந்தது. இதை இப்போது ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை, இதைவிடப் பெரிய வெட்கம் பின்னால் இருக்கிறது.

கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் அண்ணனுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவனிடம் அடையாள அட்டை இல்லை. எங்கள் பக்கத்தில் அது பெரிய அதிசயம் கிடையாது. தோட்டத்துக்குள் இருக்கும்வரை அட்டை எதற்கு? காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றால் கணக்கப்பிள்ளைக்கு முகம் தெரியும், அது போதும். கொழும்பில் அப்படி இல்லை. அது சண்டைக் காலம். அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் சோதனைச் சாவடியில் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

தோட்டத்தில் இருப்பவர்களின் அட்டை ஃபோரத்தை நிர்வாகியான துரைதான் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் துரை மாதத்தில் ஒரு நாள்தான் அதற்கு உட்காருவார். அன்று பகல் பன்னிரண்டுக்குள் பெரிய கிளாக்கர் ஃபோரங்களைச் சேர்த்து, கையெழுத்து வாங்கி, கையோடு அனுப்பிவிடுவார். கொடுத்தவருக்கு முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். அட்டை வர மாதக் கணக்காகும், அதுவரைக்கும் அந்தத் துண்டுதான் காவல்.

ஃபோரத்தை நான் நிரப்பி வைத்திருந்தேன். அன்று காலை அட்டன் ஸ்டூடியோவில் அட்டைக்காக எடுத்த அண்ணனின் படங்களை வாங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி, தோட்ட ஆபீஸில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அண்ணன் மலையில் வேலையில் நின்றான்.

படங்களை வாங்கும்போது மணி ஒன்பது. ஸ்டூடியோவுக்குக் கீழேதான் அந்த வீடியோ கடை. முதலாளி பின்னறையில் புதிதாக டிவி கேம் வைத்திருந்தார். அதில் ஓடியது அந்தப் படத்தின் விளையாட்டேதான். படத்தில் அவளுக்கு ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது, விளையாட்டில் நெருப்புக் கக்குவதிலிருந்து கைக்குண்டுவரை எல்லாம் கொடுத்திருந்தார்கள். சுவரோடு ஒட்டப்பட்ட கைதிகள் உதவி கேட்டுக் கத்திக்கொண்டிருப்பார்கள். ஓடிப்போய்த் தொட்டால் விடுதலை. மேலே கடிகாரம் குறைந்துகொண்டே வரும். நேரம் முடியும்போது ஒரே ஒருவன் மிஞ்சினாலும் அவன் நெஞ்சு வெடிப்பதைக் காட்டுவார்கள், ஆட்டம் முடிந்துவிடும்.

படம் செய்த அநியாயத்தை நான் சரிசெய்யப் போகிறேன் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அரை மணிநேரம் என்று உட்கார்ந்தேன். ஒரு கட்டத்தில் பன்னிரண்டு கைதிகள். பதினொரு பேரை விடுவித்துவிடுவேன், பன்னிரண்டாமவன் எங்கே ஒட்டிக் கிடக்கிறான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஆடினேன். சட்டைப்பையில் அண்ணனின் படங்கள் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. கிளாக்கரின் மேசை துடைத்துவைத்ததுபோல இருந்தது.

ஃபோரத்தைப் பொருளியல் கொப்பிக்குள் ஒளித்துவைத்தேன். வேலை முடிந்து அண்ணன் வந்தான்.

"குடுத்துட்டியாடா?"

"குடுத்துட்டேண்ணே."

"துண்டு?"

"பெறகு வந்து வாங்கச் சொன்னாரு."

அடுத்த மாதம் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் கொழும்புக் கடைக்காரர் அடுத்த திங்கட்கிழமையே ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லியனுப்பினார். அண்ணன் துண்டை வாங்க ஆபீஸுக்குப் போனான். அவன் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"கிளாக்கரு இல்லடா, லீவாம்" என்றான் அண்ணன்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

அட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "துண்டு கெடச்சதும் தபால்ல போட்டுடு" என்று மட்டும் சொன்னான். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

அடுத்த மாதம் நான் முதல் ஆளாக ஆபீஸ் வாசலில் நின்றேன். துண்டு கிடைத்தது. அன்றைக்கே தபாலில் போட்டேன். அது கடைக்குப் போய்ச் சேர்வதற்கு நான்கு நாள் முந்தி அண்ணனைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கடைக்காரர் துண்டைக் கொண்டுபோய்க் காட்டியபோது, துண்டின் தேதி அவன் பிடிபட்ட தேதிக்குப் பிந்தியதாக இருந்தது, சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பதினான்கு மாதம். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மனுவும் கையுமாக அலைந்தாள். அந்த மனுக்களையும் நான்தான் எழுதினேன், லயத்திலேயே படித்தவன் அல்லவா! "எவ்வித காரணமுமின்றி" என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். நடுவில் ஒரு நாள் தபாலில் அண்ணனின் அடையாள அட்டை வந்தது. அதில் நான் அன்று ஸ்டூடியோவில் வாங்கிய அதே படம்.

விடுதலையாகி வந்தவன் ஒரு காதால்தான் கேட்டான். மூடிய அறையில் அவனால் இருக்க முடியவில்லை. லயத்துக் கதவு மழையிலும் திறந்தே கிடந்தது. மறுபடி கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சில வருடங்களில் கொட்டகலையில் ஒரு சின்ன வீட்டுக்கும், பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்கும் சொந்தக்காரனானேன். பஜாரில் பழைய விளையாட்டுகள் நூற்றுக்கணக்கில் அடங்கிய ஒரு சீடி விற்றார்கள். வாங்கிவந்து தேடினேன், அது இருந்தது. ஏன் தேடினேன் என்று கேட்காதீர்கள். புண்ணைச் சொறியாமல் இருக்க முடியாத ஜென்மம் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அதை ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தான்.

"இதுதானா அது?"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"என்னாண்ணே?"

"அன்னைக்கு வெளையாடுனியே, அது இதுதானான்னு கேட்டேன்." உள்ளே வந்து நல்ல காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தான். "கிளாக்கரு லீவு இல்லடா. இருந்தாரு. ஃபோரமே வரலன்னாரு. பொறவு டவுனுக்குப் போனேன். நீ பகல் வரைக்கும் உள்ள ஒக்காந்திருந்தன்னு கடக்காரரு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு."

"தெரிஞ்சிக்கிட்டா கொழும்புக்குப் போன? என்னைய ஏண்ணே கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அத என்னால கேக்க முடியாது" என்றான். "வேலயும் போயிடும்போல இருந்துச்சு. ஒரு மாசந்தானேன்னு போனேன்."

காலில் விழுந்திருக்கலாம். அழுதிருக்கலாம். எதுவும் செய்யாமல் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். திரையில் நேரம் முடிந்து எவனோ ஒருவனின் நெஞ்சு வெடித்தது.

"அன்னைக்கு எத்தன பேரக் காப்பாத்துன?" என்று கேட்டான் அண்ணன்.

"பதினொரு பேரு."

"மொத்தம்?"

"பன்னெண்டு."

அவன் தலையாட்டினான். நான் ஊற்றிய தேத்தண்ணியை நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். வெளியே மழை தொடங்கியிருந்தது. கதவை அவன் திறந்தபடியே விட்டுப் போயிருந்தான். நானும் எழுந்துபோய் அதைச் சாத்தவில்லை.