தெளிவாகத்தான் இருக்கிறது

வேதாரண்யத்துப் பக்கம் நெல் விவசாயம் பார்க்கும் ரெத்தினம், சிறுநீரில் ரத்தம் போனபோது உடம்புச் சூடு என்று தானே முடிவுகட்டி, கோடை முழுக்க இளநீராகக் குடித்துத் தீர்த்தவர். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். கட்டியை எடுத்த பிறகும், திரும்ப வருகிறதா என்று அவ்வப்போது உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். குழாய் என்றாலே அவருக்குக் குலை நடுங்கும்.

இந்த முறை டாக்டர், “முதல்ல யூரின் டெஸ்ட் எடுப்போம். அதுல ஏதாவது தெரிஞ்சாத்தான் குழாய்” என்றார்.

ரெத்தினம் சிறுநீர் பிடித்த டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “தெளிவாத்தானே இருக்கு? இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு? வா, ஊருக்குப் போவோம்.”

மனைவி காத்தாயி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். “நம்ம போர் தண்ணியும் கண்ணாடியாத்தான் இருந்துச்சு. நாத்து கருகுன பொறவுதானே உப்புன்னு தெரிஞ்சுது?”

ரெத்தினம் டப்பாவைத் திரும்ப வாங்கி, மூடியை இறுக்கிக்கொண்டு லேப் வரிசையில் போய் நின்றார்.