ரைட் சொன்னால்தான் சுடுவார்

திண்டிவனத்தில் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு என்னைப் போலவே அறுபது வயதில் வந்து சேர்ந்தவர் அவர். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் இன்னும் பேனா இருக்கும். "ரைட், போலாம்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் விரல் விசையை இழுக்கும்.

மாவட்ட அணித் தேர்வன்று நடுவர், "யாராவது பேசினா வெளியே அனுப்பிடுவேன்" என்றார். மனிதர் குறி பார்த்தபடியே உறைந்து நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இலக்கில் சுட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. மெல்ல, "ரைட், போலாம்" என்றேன். சுட்டார். பிறகு அவருடைய ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு ரைட் சொன்னேன். அவருடைய கடைசிக் குண்டில் நடுவர் என்னைப் பிடித்து, என் குண்டுகள் மீதமிருக்கும்போதே வெளியே அனுப்பினார்.

தேர்வாகி வந்தவர் சொன்னார்: "உங்கள பாதி வழியில எறக்கி வுட்டுட்டாங்களே சார். மாநிலப் போட்டிக்கு நீங்களும் வந்துடுங்க. ரைட் சொல்ல ஆள் வேணும்ல?"

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எத்தனை மணி பஸ் என்று கேட்டேன்.