பிள்ளையோடு வந்தவர்

தெருவில் எல்லோருக்கும் அவள் ஆஸ்பத்திரியக்கா. நர்ஸ் இல்லை; ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தக்கறை படிந்த விரிப்புகளை வெந்நீரில் அலசி, உலர்த்தி, மடிப்பவள். பிளீச்சிங் பவுடர் அரித்து விரல்நுனிகளில் ரேகையே இல்லை. அந்த வேலையில்தான் ஓர் ஒற்றை அறை வீட்டையும், பின்னால் நாலு கத்தரிச்செடி நிற்கும் தோட்டத்தையும் தனக்கென்று ஆக்கிக்கொண்டாள்.

பிள்ளை இல்லையென்று அவளை விட்டுப் போன கணவர் வேறொருத்தியைக் கட்டி, இரண்டு மகன்களுக்குத் தகப்பனாகியிருந்தார். தலை நரைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் துணிப்பை, மறுகையில் சாக்கு சுற்றிய தென்னங்கன்று.

"பெரியவன் வெளிய போகச் சொல்லிட்டான். வெறுங்கையோட வரக் கூடாதேன்னு ஒரு தென்னம்பிள்ளை வாங்கிட்டு வந்தேன்."

அவள் சிரித்தே விட்டாள். "பிள்ளை இல்லேன்னுதானே போனீங்க? இப்பப் பிள்ளையோட வந்திருக்கீங்க. நல்லா இருக்கு."

உள்ளே விட மனமில்லை. விரட்டவும் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மனைவி எட்டிப் பார்த்து, "வயசான காலத்துல ஒரு துணை வேணாமாக்கா?" என்றாள்.

"துணையா? துவைக்க இன்னொரு ஆள் துணி. அவ்வளவுதான்," என்றபடியே பின்பக்கச் சாய்ப்பில் பாயைப் போட்டாள்.

மறுநாள் அவர் குழி தோண்டினார். முழங்கால் ஆழம் போவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்து வந்த அலுப்போடு மீதியை அவள்தான் தோண்டினாள். அவர் படியில் இருந்தபடி சட்டம் பேசினார். "அடியில மணல் போடு. காய் மட்டும் புதையட்டும். கழுத்துல மண்ணு ஏறுனா குருத்து அழுகிடும்."

கன்றை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கி, வெயிலுக்கு மறைப்பாகப் பழைய சேலையைக் கட்டினாள். வேண்டாவெறுப்பாகத்தான் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். குழாய் வற்றிய கோடையில் அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் சேர்த்துவைத்து ஊற்றினாள். ஒரு காலையில் புது ஓலை விரிந்திருந்தது. அவர் கூப்பிட்டுக் காட்ட, இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து அவருடைய சாப்பாட்டுத் தட்டு வீட்டுக்குள் வந்தது.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய மகன் காரில் வந்தான். "பேரன் பொறந்திருக்கான்பா. கோவத்துல சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. வீட்டுக்கு வாங்க." அவள் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

இத்தனை மாதத்தில் அப்படியொரு களையை அவர் முகத்தில் அவள் பார்த்ததில்லை. அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பிள்ளையை எடுத்துட்டுப் போகட்டுமா? பேரன் பேரைச் சொல்லி வைக்கலாம்னு..."

"வேர் விட்டிருக்கே."

"மண்ணோட தோண்டுனா ஒண்ணும் ஆகாது."

மண்வெட்டியை அவளே எடுத்தாள். மண்கட்டியோடு கன்றைப் பெயர்த்துச் சாக்கில் கட்டிக் கொடுத்தாள். காரின் டிக்கியை மூடும்போது ஓலை மடிந்தது.

"வரேன்," என்றார் அவர்.

"போங்க," என்றாள். 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.

"தோண்டினதும் நீங்க, தண்ணி ஊத்தினதும் நீங்க. ஏன்க்கா குடுத்தீங்க?" என்று எலக்ட்ரீஷியன் மனைவி கேட்டாள்.

"அவர் போனது பெரிசில்ல. ஏற்கெனவே போனவர்தானே. வெக்கமில்லாம கேட்டாரு. முடியாதுன்னு ஒரு வார்த்தை எனக்கு வரலியே, அதுதான் ஆறவே மாட்டேங்குது."

மழைக்குக் குழி நிறைந்து கொசு மொய்த்தது. மண்ணைத் தள்ளி மூடி, அதன்மேல் துவைக்கிற கல்லை உருட்டிப் போட்டாள். கன்று அங்கே பட்டுப்போய்விட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை.