சபியா பீவிக்கு மட்டும் தெரிந்த எழுத்து

விழுப்புரம் பாசஞ்சர் பேரணி ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் சபியா பீவியின் பத்து விரல்களும் மடியிலுள்ள கைப்பையின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியே தெரியும் எந்தப் பெயரையும் அவை விடுவதில்லை. கல்யாண மண்டபம், பால் சொசைட்டி, சுவரில் எழுதிய சிமெண்ட் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பையின் தோல்மேல் தட்டித் தீர்க்கின்றன. எதிரே இருப்பவர்கள் இறைவன் பெயரை எண்ணி திக்ரு ஓதுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை கீரைக் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி, “நரம்புத் தளர்ச்சியாம்மா? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில காட்டுங்க, நல்லா பாக்கறாங்க” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாக்கியத்தையும் சபியா பீவியின் விரல்கள் அடித்து முடித்திருந்தன.

ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். மரக்காணம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில், தமிழ் டைப்பிங் செய்து தருகிறார். மனு, வாடகை ஒப்பந்தம், பாகப் பத்திரத்தின் நகல், கல்யாணப் பத்திரிகைக்கான வாசகம் எல்லாம் அங்கே உருவாகும். திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்படும் மனுக்களில் திண்டிவனத்துப் பக்கத்தவர்களுடையது பாதி அவர் அடித்ததாக இருக்கும். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு டைப்பும்மா என்று பெயர். சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

பெயர் விஷயத்தில் அவர் யார் வாயையும் நம்புவதில்லை. “ரேஷன் கார்டு எடுத்தாங்க” என்பார். இல்லையென்றால் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். ஆத்திரத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறவர்களிடம், “நிறுத்திச் சொல்லுங்க. ஓடிக்கினே சொன்னா எனக்குப் பின்னால ஓட முடியாது” என்பார். அடித்ததை ஏற்ற இறக்கமில்லாமல் ஒருதரம் படித்துக் காட்டுவார். அந்தக் குரலில் கேட்கும்போது மனுதாரருக்கே கூச்சமாகி, “அண்ணன் கத்தி எடுத்துக்கினு வந்தாருன்றத மட்டும் எடுத்துடுங்கம்மா, கத்தியெல்லாம் இல்ல” என்று இறங்கி வந்ததுண்டு.

நாற்காலி இருந்தாலும் இரும்புக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துதான் அடிப்பார். அவருடைய கம்ப்யூட்டர் இரண்டாயிரத்து நான்கில் வாங்கியது. வெள்ளையாக வந்து இப்போது பழுத்த நார்த்தங்காய் நிறத்தில் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவார். “அரிசி களஞ்சிக்கினு வர்றேன், அதுக்குள்ள அது முழிச்சிக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அரிசி களைந்த இரண்டாம் கழனித் தண்ணீரை ஊற்றும்போது திரையில் வெளிச்சம் வரும்.

போன ஆனி மாதம் ஒரு நாள், மூன்றாம் கழனி ஊற்றியும் வெளிச்சம் வரவில்லை. அதனால்தான் இந்த ரயில் பயணம். கம்ப்யூட்டரின் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கிருஷ்ணசாமி பெட்டியைத் திறந்தார்; உள்ளே ஊதினார்; எங்கோ தோண்டி ஒரு பாகத்தை எடுத்து மாட்டினார். மிஷின் முழித்துக்கொண்டது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

“இதுக்கு இனிமே பார்ட்ஸு கிடையாதும்மா. ஒரு மாசம் ஓடலாம், ஒரு வாரத்துல நிக்கலாம். அதுக்குள்ள உள்ள இருக்கறத வேற மிஷினுக்கு மாத்திக்கினு தூக்கிப் போட்ருங்க.”

“மாத்துனா எழுத்தெல்லாம் அப்படியே போவுமா?”

“பைலு போவும். எழுத்து தெரியுமா தெரியாதான்றது போற மிஷினப் பொறுத்தது.”

திரும்பி வரும்போது சபியா பீவியின் விரல்கள் எதையும் தட்டவில்லை. பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருபது வருடத்து மனுக்கள் இருந்தன. அவை போனால் போகட்டும் என்றிருப்பார். ஆனால் மின்வாரியம் என்று பெயரிட்ட ஒரு கோப்புறை இருந்தது. வீட்டில் யாருக்கும் திறந்து பார்க்கத் தோன்றக்கூடாது என்றே யோசித்து வைத்த பெயர் அது. அதற்குள் ஒரு மின்கட்டண ரசீதும் கிடையாது. இருந்ததெல்லாம் கடிதங்கள்.

கணவர் முத்து முகம்மது, கல்யாணமான மறுவருடம் ஷார்ஜாவுக்குப் போனவர். ஏ.சி. குழாய் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருதரம் நாற்பத்தைந்து நாள் விடுப்பு. அவர் அங்கே இருந்த இருபத்தாறு வருடத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது எல்லாம் சேர்ந்து ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஆரம்பத்தில் தபாலில் எழுதிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் வந்த மறுவருடம், ஊருக்கு வந்து ஷார்ஜாவுக்குத் திரும்பிய கோட்டக்குப்பத்துப் பையன் ஒருவனிடம் வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தோடு ஒரு பிளாப்பியையும் ஒரு தாளையும் கொடுத்தனுப்பினார் சபியா பீவி. பிளாப்பியில் பாமினி என்ற தமிழ் எழுத்துரு இருந்தது. தாளில், எந்த ஆங்கிலச் சாவியைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து விழும் என்று கட்டம் போட்டுக் கையால் எழுதியிருந்தார். முத்து முகம்மது அந்தத் தாளை ஸ்டோர் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் இரண்டு விரல்களால் தேடித்தேடி அடிப்பார்.

“இங்க ரூமுல ஆறு பேரு. நேத்து நீ கிணத்துல தண்ணி எறைக்கிற சத்தம் கனவுல கேட்டுச்சி. முழிச்சிப் பாத்தா பக்கத்துக் கட்டிலு ஆளு வாய் கொப்பளிச்சிக்கினு இருக்கான்” என்று ஒரு கடிதம்.

“ஹுமைராவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சி. அத்தா வந்தா காட்டணும்னு டப்பாவுல போட்டு வெச்சிக்கினு இருக்கா. நீங்க வர்றதுக்குள்ள டப்பா நெறஞ்சிடும் போல” என்று அதற்குப் பதில். ஊராருக்குக் குதிரை வேகத்தில் அடிக்கும் கை, இந்தக் கடிதங்களை அடிக்க மட்டும் ஒரு மதியம் முழுவதும் எடுத்துக்கொள்ளும். பிறகு அதைப் பிளாப்பியில் ஏற்றி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் அனுப்பிவிட்டு, வந்திருக்கும் கடிதத்தை ஏற்றிக்கொண்டு வருவார்.

ஒன்பது வருடம் இப்படி நடந்தது. பிறகு இரண்டு பேர் கையிலும் நல்ல போன் வந்தது. முகம் பார்த்துப் பேசலாம், தினம் பேசலாம். பேசினார்கள். “சாப்ட்டியா?” “சாப்ட்டேன். நீங்க?” “ஆச்சி. மோட்டாரு ரிப்பேரு பண்ணியா?” “பண்ணியாச்சி.” கடிதம் நின்று போனது. இருவரில் யார் முதலில் நிறுத்தியது என்று சபியா பீவிக்கு நினைவில்லை.

போன வருடம் முத்து முகம்மது ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். நல்ல மனிதர். வந்த வாரமே அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டினார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மின்விசிறியைக் கூட்டுவதற்கு முன், “கூட்டட்டுமா?” என்று கேட்பார். துண்டைக் கொடியில் ஓரமாக, மற்றவர் துணி மேல் படாமல், ஒரு முழம் இடத்துக்குள் காயப்போடுவார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். “ஒரு குத்தம் சொல்ல முடியாது. விருந்தாளி மாரி இருக்காரு” என்று சபியா பீவி கோட்டக்குப்பத்துத் தங்கையிடம் போனில் சொன்னார். கடிதம் எழுதிய மனிதர் ஷார்ஜாவிலேயே தங்கிவிட்டாரோ என்று சில நாள் அவருக்குத் தோன்றும். முத்து முகம்மது நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பியதும், சபியா பீவி மின்வாரியத்தைத் திறந்து ஒரே ஒரு கடிதம் படிப்பார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவிடுவார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஹுமைரா, ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய லேப்டாப்போடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. இப்போது லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் ஏற்றினாள். ஒரு கோப்பைத் திறந்ததும் அவள் முகம் சுருங்கியது. பாமினி இல்லாத அந்தத் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுவே அரைப்புள்ளிகள், காற்புள்ளிகள். ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

“எல்லாம் கரப்ட் ஆயிடுச்சிம்மா. அழிச்சிடட்டுமா?”

சபியா பீவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “ஒலக்கூர் கிராமம், கிழக்கே வாய்க்கால், மேற்கே ஜெகதீசன் நிலம்,” என்று படித்தார்.

“எப்படிம்மா படிக்கற?”

“எம்மு, கே, செமிகோலன், கே, எச்சு. அம்மா. இத அடிச்சி அடிச்சித்தான உன்னப் படிக்க வெச்சேன்.”

ஹுமைரா சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். அதற்குப் பிறகு ஓர் எழுத்துரு மாற்றியைத் தேடிப் பிடித்து, மனுக்களையும் பத்திரங்களையும் யாரும் படிக்கக்கூடிய தமிழாக மாற்றத் தொடங்கினாள். சாயந்திரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. “மின்வாரியம்னு ஒண்ணு இருக்கு. நானூறு பைலு. அதையும் மாத்திடட்டுமா?”

“வேணாம்.”

“யாரும் படிக்க முடியாதேம்மா.”

“பழைய பில்லுதான. அது அப்படியே இருக்கட்டும்.”

முன்னறையின் மூலையில் நகவெட்டியோடு உட்கார்ந்திருந்த முத்து முகம்மது நிமிர்ந்து பார்க்கவில்லை.

பழைய மிஷின் அந்தப் புதன்கிழமையே நின்றது. இரண்டு தட்டென்ன, இருபது தட்டுத் தட்டியும் எழுந்திருக்கவில்லை. சபியா பீவி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். கட்டில் விளிம்பில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மின்வாரியத்தைத் திறந்தார். காலை பதினோரு மணி. முத்து முகம்மது பின்கட்டில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்ததால் இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்தார். அவர் ஈரக் காலோடு வந்து தன் முதுகுக்குப் பின்னால் நின்றதைச் சபியா பீவி கவனிக்கவில்லை.

“ஸ்பேனர எங்க வெச்ச” என்று கேட்க வந்தவர், பாதியில் நிறுத்தினார். அவருடைய இரண்டு ஆள்காட்டி விரல்களும் காற்றில் மெல்ல அசைந்தன.

“ஆரு… ஜி… பி… ஏ… எச்சு. சபியா.” எழுத்துக் கூட்டும் குழந்தையைப்போலத் தொடர்ந்தார். “சபியா, இங்க… நான்… சௌக்கியம். அங்க நீ…”

சபியா பீவி திரும்பவில்லை. கோப்பை மூடவுமில்லை.

“இது நான் அடிச்சதா?”

“ஆமா.”

“எல்லாம் இருக்குதா?”

“உங்களுது இருநூத்திப் பதினாலு. என்னுதும் இருக்கு.”

“உன்னுது என்கிட்ட இல்ல சபியா. ஆபீஸுல கம்ப்யூட்டரு மாத்தனானுங்க. லீவு முடிஞ்சி போயிப் பாத்தா ஒண்ணும் இல்ல. உன்கிட்ட சொல்றதுக்கு மனசு வரல. அப்பறம் எழுதறதுக்கும் வரல.”

வெளியே ஒரு டெம்போ பின்பக்கமாக வந்து சந்தில் திரும்பிப் போனது. சபியா பீவி திரையைத் தொட்டுக் காட்டினார்.

“இதுல இவ்ளோ பேசியிருக்கீங்க.”

“அங்க நீ இல்ல, பேச வந்துச்சி. இங்க எதிரவே இருக்க. இன்னான்னு ஆரம்பிக்கறது.”

அவர் குரலில் குறை ஏதும் இல்லை. வழி தெரியாமல் நிற்பவர் கேட்பதுபோல இருந்தது. சபியா பீவி எழுந்து அவருக்கு இடம் விட்டார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார். “இதுல ஆரம்பிங்க” என்றார்.

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கட்டம் போட்ட தாள் எப்போதோ போய்விட்டது. விரல்கள் சாவிகளின் மேல் தயங்கித் தயங்கித் தேடின. ஆரு, ஜி, பி, ஏ, எச்சு என்று ஐந்து எழுத்து விழுந்தது. ஒரு காற்புள்ளி. பிறகு ‘இங்க’ என்று வந்தது. அந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். அடுத்து என்ன எழுதுவது என்று, குழாயடியில் நனைந்து ஈரம் காயாத தலையைக் கவிழ்த்து யோசித்தார்.

“டைப்பும்மா” என்று வாசலில் குரல் கேட்டது. ஒலக்கூர் விருத்தாசலம், கையில் பட்டா நகலும் ரேஷன் கார்டுமாக நின்றிருந்தார். பட்டாவுக்காக ஆறு மாதமாக அலைகிற மனிதர். திறந்த கதவு வழியாக நேரே உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவது அவர் வழக்கம்.

சபியா பீவி வாசலுக்குப் போனார். உள்ளே இரண்டு விரல்கள் மறுபடி தட்டத் தொடங்கிய சத்தம் கேட்டது.

“நாளைக்கு வாங்கண்ணே” என்றார்.

“ஏம்மா, மிஷின் கெட்டுப் போச்சா?”

“இல்லண்ணே, ஓடிக்கினுதான் இருக்குது” என்று சொல்லிவிட்டு, நட்ட நடுப் பகலில் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.